தங்கச்சியின் சிகிச்சைக்காகச் சென்னை மருத்துவ விசா: கொழும்பில் நாங்கள் கற்றுக்கொண்டவை

வெளிநாட்டில் வைத்தியம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது எவ்வளவு காசு என்று. அடுத்த கேள்வி எந்த ஆஸ்பத்திரி. விசாவைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும், அதுவும் "இந்தியா தானே, பக்கத்தில் இருக்கிறது" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். காய்ச்சலுக்கோ ஒரு ஸ்கேனுக்கோ போய் வருவதென்றால் அப்படி நினைப்பதில் தப்பில்லை. மாதக்கணக்கில் தங்கி எடுக்க வேண்டிய சிகிச்சைக்கு அது சரிவராது. யார் யார் போகலாம், எவ்வளவு காலம் இருக்கலாம், நடுவில் ஒருவர் வீட்டுக்கு வந்து திரும்பிப் போக முடியுமா என்பதையெல்லாம் அந்த விசாதான் தீர்மானிக்கிறது. சிகிச்சை எப்போது தொடங்கும் என்பதைவிட எப்போது முடியும் என்பதைக் கேட்டுவிட்டு விசா வேலையைத் தொடங்குங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கச்சிக்கு வந்தது அப்லாஸ்டிக் அனீமியா. எலும்பு மச்சை இரத்த அணுக்களைப் போதிய அளவு உருவாக்காமல் விட்டுவிடும் நோய். களைப்பில் தொடங்கியது. பிறகு கை கால்களில் காரணமில்லாத கண்டல், பல் துலக்கும்போது இரத்தம். இளவயதுக்காரருக்கு, எச்எல்ஏ (உடல் தன்னுடையதையும் பிறருடையதையும் பிரித்தறிய உதவும் திசு வகை) பொருந்தும் கூடப்பிறந்தவர் இருந்தால், மச்சை மாற்றுச் சிகிச்சைதான் முதல் தெரிவு என்று கொழும்பில் எங்கள் டொக்டர் சொன்னார். கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு வாய்ப்பு நாலில் ஒன்று. எனக்குப் பொருந்தவில்லை, தம்பிக்குப் பொருந்தியது. சென்னையில் செய்வதென்று முடிவானது.

அந்த நேரத்தில் வீட்டில் இருந்த எல்லோருக்கும் ஒரே பதற்றம். தெரிந்த ஒரு முகவர் இ-மெடிக்கல் விசாவைப் போடச் சொன்னார். வீட்டிலிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம், எங்கேயும் அலையத் தேவையில்லை என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த விசாவில் இருக்கக்கூடியது 60 நாள், உள்ளே போய் வரக்கூடியது மூன்று தடவை. மச்சை மாற்றுச் சிகிச்சைக்குப் போனவர் 60 நாளில் திரும்பி வர முடியாது. முதலில் பரிசோதனைகளுக்கு இரண்டு மூன்று கிழமை. பிறகு பழைய மச்சையை அடக்கும் மருந்துகள். மச்சை ஏற்றிய பிறகு புதிய அணுக்கள் முளைவிட இரண்டிலிருந்து நாலு கிழமை வரை ஆகலாம். வார்டை விட்டு வந்தாலும், மச்சை ஏற்றிய நாளிலிருந்து ஏறத்தாழ நூறாவது நாள் வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்வார்கள். காய்ச்சல் ஒன்று வந்தால் அந்த மணிநேரத்திலேயே போய்ச் சேர வேண்டும், அதற்காக. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், நாலு ஐந்து மாதம் வந்துவிடும்.

இ-விசாவில் போய் அங்கே வைத்து நீட்டிக்கலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். தங்கச்சி கதவு மூடிய தனியறையில் வெள்ளணு எண்ணிக்கை பூச்சியத்துக்குப் பக்கத்தில் கிடக்கும்போது, அம்மா அந்த அறையை விட்டுவிட்டு விசாவுக்காக ஓடித் திரிவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நீண்ட காலத்துக்குரிய சாதாரண மருத்துவ விசாவையே கேட்பது என்று தீர்மானித்தோம். சிகிச்சைக் காலத்துக்கு ஏற்ப ஒரு வருடம் வரை அது தரப்படும். இதே நிலைமை உள்ள யார் என்னைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

மருத்துவ விசாவுக்கு உயிர்நாடி ஆஸ்பத்திரி அனுப்பும் கடிதம். பெரிய ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கும். அவர்களுக்கு ரிப்போர்ட்களையும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் அனுப்பினால் கடிதம் வரும். வந்த உடனே பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். உட்கார்ந்து ஒரு தரம் வாசியுங்கள். எங்களுக்கு முதலில் வந்த கடிதத்தில் நோயின் பெயர் இருந்தது, டொக்டரின் பெயர் இருந்தது, சிகிச்சை எவ்வளவு காலம் என்பது மட்டும் இல்லை. தம்பி தானம் கொடுப்பவர் என்பதும் இல்லை, கூட வருபவர் என்று மட்டும் போட்டிருந்தார்கள். திருத்தித் தரக் கேட்டோம். அவர்கள் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள். தங்க வேண்டிய மாதங்கள், சிகிச்சை முறை, நோயாளியின் பெயர், மச்சை தருபவரின் பெயர், பார்த்துக்கொள்பவரின் பெயர், ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் இலக்கம், நோயாளிக்கு என்ன உறவு என்பது, இத்தனையும் ஒரே கடிதத்தில் இருந்ததால்தான் பிறகு எங்கேயும் நாங்கள் வாயால் விளக்கம் சொல்ல வேண்டி வரவில்லை.

எங்கள் ஆட்களின் பெயர் விஷயம் தனிக் கதை. கொழும்பில் கிளினிக் கொப்பியிலும் இரத்தப் பரிசோதனைத் தாளிலும் தங்கச்சியின் பெயர் அப்பாவின் முதலெழுத்தோடு இருந்தது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக முன்னுக்கு வரும். தம்பியின் பாஸ்போர்ட்டில் அதே அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து வித்தியாசம். அம்மாவுடையது இன்னும் சிக்கல். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அவரது தகப்பனார் பெயரோடும், பாஸ்போர்ட்டில் கணவரான எங்கள் அப்பாவின் பெயரோடும் இருந்தது. நமக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை, ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். வெளியார் ஒருவர் அந்த மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தாய் யார், பிள்ளை யார், சகோதரன் யார் என்று பிடிபடாது.

அதனால் எல்லாப் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே என்று ஒரு முடிவுக்கு வந்தோம். கொழும்பு டொக்டரிடம் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டி, பரிந்துரைக் கடிதத்தை அந்தப் பெயரில் வாங்கினோம். பிள்ளைகள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும், அம்மாவின் இரண்டு பெயர்களையும் இணைக்கும் விவாகச் சான்றிதழையும் பிரதேச செயலகத்தில் புதிதாக எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றினோம். மொழிபெயர்ப்பாளருக்கும் பாஸ்போர்ட் கொப்பியைக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அவர் தன் வழக்கப்படி எழுத்துக்கூட்டுவார், மூன்றாவதாக ஒரு பெயர் பிறக்கும். தம்பியின் ஒரு எழுத்து வித்தியாசத்துக்கு, இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்தோம். விசாவுக்கு இவ்வளவும் வேண்டுமா என்று ஒரு மாமா கேட்டார். அதே கோப்பை சென்னையில் ஆஸ்பத்திரி கேட்டது, வங்கி கேட்டது, இன்னும் ஓரிடத்தில் கேட்டார்கள். செய்து வைத்தது ஒன்றும் வீண்போகவில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிட்னி அல்லது ஈரல் மாற்றுச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இந்த உறவுத் தாள்கள் இதைவிடப் பல மடங்கு முக்கியம். இந்தியாவில் உறுப்பு மாற்றுக்கு 1994இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. கொடுப்பவரோ பெறுபவரோ வெளிநாட்டவர் என்றால், நெருங்கிய உறவாக இருந்தாலும், அனுமதிக் குழு ஒன்று பார்த்துச் சம்மதிக்க வேண்டும். உறவு உண்மைதான் என்று சொந்த நாட்டுத் தூதரகமும் சான்று தர வேண்டும். "அங்கே போனால் கிட்னி கொடுக்க ஆள் பிடிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வீட்டுப் படியே ஏற விடாதீர்கள். உறவில்லாத இந்தியர் ஒருவர் வெளிநாட்டவருக்கு உயிரோடு உறுப்புக் கொடுக்க அந்தச் சட்டம் இடம் தராது. நோயாளியின் உயிரும் காசும் சேர்ந்து போகும் வழி அது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நோயாளியோடு துணைக்குப் போவோருக்கென்று தனி விசா உண்டு. ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் வரைதான், அதுவும் நெருங்கிய குடும்பத்தினர். நோயாளியின் விசா எவ்வளவு காலமோ அவர்களுடையதும் அவ்வளவு காலம். தம்பி போயே ஆக வேண்டும், மச்சை அவனுடையது. மற்ற இடம் அம்மாவுக்கு. அத்தோடு இரண்டும் முடிந்தது. அப்பாவிடம் இதைச் சொல்வதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. அவர் தன் பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசையில் மற்றவர்களுடையதோடு அடுக்கி வைத்திருந்தார். "நான் ஒரு மூலையில இருந்திடுவன், ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை" என்றார். அவருக்குச் சீனி வருத்தம், தனியறைப் பக்கம் விடவும் மாட்டார்கள். கடைசியில் அம்மாதான் பேசினார்: "நீங்கள் இஞ்ச இருந்தால்தான் எனக்கு அங்க நிம்மதி. காசு அனுப்ப ஆள் வேணும், வீட்டுக்கு ஆள் வேணும்." அதற்குப் பிறகு அப்பா தன் பாஸ்போர்ட்டை எடுத்து அலுமாரியில் வைத்தார். யார் போவது என்ற பேச்சை விண்ணப்பப் படிவம் நிரப்பும் நேரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். நோயாளி யாரோடு இருந்தால் சாப்பிடுவார், யாரால் இரவில் கண்விழிக்க முடியும், யாருக்குத் தடிமன் அடிக்கடி பிடிக்காது, இப்படிப் பார்த்துத் தீர்மானியுங்கள். பாசத்தை அளந்து தீர்மானிக்கிற விஷயம் அல்ல அது.

தம்பியின் விசாவை மட்டும் குறுகிய காலத்துக்கு எடுக்கலாம், மச்சை கொடுத்ததும் அவன் வேலைக்குத் திரும்பலாம் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. அவனுடைய பகுதி உண்மையில் சிறியது. மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள், சில நாளில் எழுந்து நடமாடலாம். ஆனால் ஏற்றிய மச்சை சரியாகப் பிடிக்காவிட்டால் அதே ஆளிடமிருந்து மறுபடி எடுக்க வேண்டி வரலாம் என்று சென்னை டொக்டர் வீடியோ அழைப்பில் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அவனுக்கும் முழுக் காலத்துக்கே விசா கேட்டோம். அவன் இடையில் கொழும்புக்கு வந்து வேலை பார்த்தான், தேவைப்பட்டால் அடுத்த விமானத்தில் போகலாம் என்ற தைரியம் எல்லோருக்கும் இருந்தது. தானம் கொடுப்பவருக்கு விசா எடுக்கிற எல்லோரும் இந்தக் கேள்வியை டொக்டரிடம் கேட்க வேண்டும்.

விண்ணப்பம் இந்திய அரசின் இணையத்தளத்தில் நிரப்பி, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது. படிவம் நீளம். தாய் தகப்பன் பிறந்த ஊர், உடலில் அடையாளம், இந்தியாவிலும் இலங்கையிலும் தெரிந்த ஒருவரின் விலாசம், முன்பு இந்தியாவுக்குப் போயிருந்தால் அந்த விசாவின் விபரம் எல்லாம் கேட்கும். இந்தக் கடைசிக் கேள்வியில் நம் ஆட்கள் பலர் திணறுவார்கள். சண்டைக் காலத்தில் தமிழ்நாட்டில் தங்கியிருந்து திரும்பி வந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அதை மறைக்க நினைக்க வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதி, பழைய தாள் என்ன இருக்கிறதோ அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் தெரிந்தவர் என்ற இடத்தில் ஆஸ்பத்திரியின் வெளிநாட்டு நோயாளர் பிரிவின் விலாசத்தைப் போட்டோம். படம் இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி. வெள்ளவத்தையில் படம் பிடிக்கிற கடைகளில் இந்திய விசாவுக்கு என்றாலே போதும்.

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். நீண்ட சிகிச்சைக்கு ஆறு மாதம் போதாது என்பது என் எண்ணம். தங்கும் காலம் முழுவதும் கழிந்து, அதற்கு மேலும் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். அம்மாவின் பாஸ்போர்ட் அந்தக் கணக்கில் விழவில்லை. பத்தரமுல்லையில் ஒருநாள் சேவையில் புதியது எடுத்த பிறகே விண்ணப்பத்தைத் தொட்டோம்.

விசா விண்ணப்பம் கொடுக்கும் இடத்துக்குத் தங்கச்சியையும் நேரில் வரச் சொன்னார்கள். வெள்ளணு குறைந்தவரைச் சனநெரிசலில் உட்கார வைப்பது ஆபத்து. முன்கூட்டியே தொலைபேசியில் நிலைமையைச் சொல்லி, டொக்டரின் கடிதத்தையும் மின்னஞ்சலில் அனுப்பினோம். காலையில் முதல் ஆளாக எடுத்தார்கள். அங்கே வேலை செய்த பெண் ஒருவர் எழுந்து வந்து, வாசலுக்குப் பக்கத்தில் காற்றோட்டமாக ஒரு கதிரை போட்டுத் தந்தார். கேட்டால் பல இடங்களில் உதவுகிறார்கள். நாமாகக் கேட்க வேண்டும்.

திகதி விஷயத்தில் கவனம் வேண்டும். இ-விசாவில் அந்த 60 நாள் நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து ஓடத் தொடங்கும். பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் விசா, கொடுத்த திகதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். முந்திக்கொண்டு எடுத்து வைத்தால், கொழும்பில் இருக்கும் ஒவ்வொரு கிழமையும் சென்னையில் இருக்கக்கூடிய ஒரு கிழமையைத் தின்னும். பிந்தினால் ஆஸ்பத்திரி ஒதுக்கிய தனியறை வேறொருவருக்குப் போகும். அறை எப்போது கிடைக்கும் என்று ஆஸ்பத்திரி எழுத்தில் தந்த பிறகு விண்ணப்பத்தைக் கொடுத்தோம். காசுத் தாள்களும் அந்த நேரத்துக்குத் தயாராக இருக்கட்டும். ஆஸ்பத்திரியின் செலவு மதிப்பீடு நோயாளியின் பாஸ்போர்ட் பெயரில் இருந்தால் வங்கியிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக் கணக்குக்கு அனுப்புவது இலகு.

பயணத்துக்கு முதல் செய்ய வேண்டியவற்றில் சிலதை ஆஸ்பத்திரிக்காரரும் மறந்துவிடுகிறார்கள். மச்சைப் பரிசோதனையின் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, அந்தக் கண்ணாடி ஸ்லைட்களையும் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த மச்சைத் துண்டு) பரிசோதனைக்கூடத்திலிருந்து கேட்டு வாங்குங்கள். சென்னையில் திரும்பப் பார்ப்பார்கள். விமானத்தில் பறக்கலாம் என்று டொக்டரின் கடிதம் வேண்டும். தங்கச்சிக்குப் பறப்பதற்கு முந்தின நாள் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) ஏற்றினோம். இரத்தம் தேவைப்பட்ட காலம் முழுக்க, சொந்தக்காரர் யாரும் அவளுக்கு இரத்தம் கொடுக்கக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குடும்பத்தின் இரத்தம் உடம்பில் ஏறினால், பிறகு அதே குடும்பத்தின் மச்சையை உடல் எதிர்க்கப் பழகிவிடலாம். சித்தப்பா வாசலில் வந்து நின்று தன் இரத்தத்தை எடுக்கச் சொன்னபோது அதை விளங்கப்படுத்தக் கஷ்டமாக இருந்தது. இரத்த வங்கிக்கு, வேறு நோயாளிகளுக்காக, அவர் கொடுத்தார்.

சென்னையில் இறங்கியதும் இரண்டு கடமை காத்திருக்கும். தங்கும் வீட்டுக்காரரோ லொட்ஜ்காரரோ வெளிநாட்டவர் வந்து தங்கியிருக்கிறார் என்று 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை (வழக்கத்தில் 'சி' படிவம் என்பார்கள்) இணையத்தில் பதிய வேண்டும். கிரீம்ஸ் சாலைப் பக்கம் வெளிநாட்டு நோயாளிகளுக்கு அறை கொடுத்துப் பழகியவர்கள் இதைத் தாங்களே செய்துவிடுவார்கள். வாடகை மலிவு என்று உள்ளே ஒரு சந்தில் வீடு பிடித்தால், முற்பணம் கொடுக்கும் முன்னே "சி படிவம் போடுவீங்களா?" என்று கேளுங்கள். தயங்குகிறார் என்றால் வேறு வீடு பாருங்கள். அந்தப் படிவம் இல்லாமல் அடுத்த வேலை நடக்காது.

அடுத்த வேலை பதிவு. விசா 180 நாளுக்கு மேற்பட்டதென்றால் போய் இறங்கிய 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓவில் (வெளிநாட்டவரைப் பதியும் இந்திய அரசின் அலுவலகம்) பதிய வேண்டும். இப்போது இணையத்தில்தான். அம்மாவுக்கு அது முடியாத காரியம், தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தொலைபேசியிலேயே செய்தான். அதற்கு இந்தியத் தொலைபேசி இலக்கம் வேண்டும், ஆகவே சிம் எடுப்பதை முதல் நாளே முடியுங்கள். கொழும்பு சிம்மையும் கழற்றி எறியாதீர்கள், நம் வங்கிகள் அனுப்பும் ஓடிபி குறியீட்டு எண் அதற்குத்தான் வரும். பாஸ்போர்ட், விசா, சி படிவம், ஆஸ்பத்திரிக் கடிதம் ஆகியவற்றின் ஸ்கேன்கள் தொலைபேசியில் தனித்தனியே, பெயர் போட்டு இருக்கட்டும். துணைக்குப் போனவர்களுக்கும் இதே பதிவு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சிகிச்சை நினைத்ததைவிட இழுபட்டால் விசா நீட்டிப்பும் அதே தளத்தில்தான். இன்னும் எவ்வளவு காலம் தேவை, ஏன் தேவை என்று டொக்டர் எழுதிய புதுக் கடிதம் வேண்டும். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை. ஆனால் பக்கத்து அறையில் இருந்த ஒரு குடும்பத்துக்கு வந்தது. நூறாவது நாளுக்குக் கிட்ட வைரஸ் தொற்று ஒன்று பிடித்து மறுபடி வார்டுக்குப் போனார்கள். விசா முடிய இன்னும் காலம் இருக்கும்போதே அவர்கள் விண்ணப்பித்துவிட்டதால் அந்தத் தவிப்போடு இதுவும் சேரவில்லை.

திரும்பி வருவதற்கு முன் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஒவ்வொரு மருந்தின் வேதிப் பெயரையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கடைப்பெயர் இங்கே வேறாக இருக்கும். தங்கச்சி சைக்ளோஸ்போரின் (உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்து) தொடர்ந்து எடுக்கிறாள், அதன் அளவை இரத்தத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும். கொழும்பில் எங்கே பார்ப்பது, முடிவை எந்த டொக்டர் வாசிப்பார், சென்னைக்கு யார் அனுப்புவார் என்பதை அவள் அங்கே இருக்கும்போதே இங்கே பேசி முடித்தோம். மருந்துக்கும் அப்படித்தான், டொக்டரின் சீட்டோடு சில வாரங்களுக்குப் போதியதைக் கையில் கொண்டு வந்தார்கள். மறுபரிசோதனைக்குப் போகும் திகதியைச் சென்னையில் இருந்தபோதே வாங்கி, அதற்கு வேண்டிய அடுத்த கடிதத்தையும் அப்போதே கேட்டுவிட்டோம். அந்தப் பயணம் சில நாள்தான் என்பதால் அதற்கு இ-மெடிக்கல் விசாவே போதும்.